கறுப்புத் துணி சுற்றிய கண்ணாடி

மூடியிருக்கும் எதையும் அவர் திறக்க மாட்டார். திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லிவிடுவார். அவரைப் பற்றி இந்த ஒன்றைச் சொன்னால் போதும், அந்தக் காலத்தில் எங்கள் வரிசையில் குடியிருந்தவர்கள் யாராவது இன்றைக்கு இருந்தால், "ஓ, கண்ணாடிக்காரரா!" என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. ஏன் பிடிக்காது என்று ஒருநாளும் நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் வராது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பதால் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

நெய்வேலியில் அப்போது ப்ளாக் ப்ளாக்காகக் குவார்ட்டர்ஸ் எழும்பிக்கொண்டிருந்தது. எங்கள் வீடு வரிசையில் கடைசி. ஒரு பக்கம் அவர் வீடு. இன்னொரு பக்கம் கொல்லைச் சுவரை ஒட்டியே தார் ரோடு. ரோட்டுக்கு அந்தண்டை முந்திரிக் காடு. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லியான ஆள். காதில் எந்நேரமும் ஒரு சின்னப் பென்சில். சாப்பிடும்போதும் எடுக்கமாட்டார் என்பார்கள். மனைவியும் இரண்டு பெண்களும் திருச்சிப் பக்கம். பெண்கள் படிப்பு முடியட்டும் என்று அங்கேயே விட்டுவிட்டு இவர் மட்டும் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

வேலை மைன்ஸ் ஒர்க்‌ஷாப்பில். மண்ணை வெட்டுகிற பெரிய மெஷினை நான் தூரத்திலிருந்து ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன். வீடு உயரத்துக்கு ஒரு சக்கரம், சக்கரம் முழுக்க வாளிகள். அந்தச் சக்கரத்தைச் சுற்றவைக்கும் பல்சக்கரங்கள் எல்லாம் ஓர் இரும்புப் பெட்டிக்குள் மூடிக் கிடக்குமாம். பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் கிரேன் வரவேண்டும், மெஷின் மூன்று நாள் நிற்கவேண்டும். அதனால் பெட்டியில் கை நுழைகிற அளவுக்கு ஒரு துவாரம் மட்டும் விட்டிருப்பார்கள். அந்தத் துவாரம் வழியாக, இரண்டு வளைவு மூன்று வளைவு தாண்டி, மனுசக் கண் போகாத இடத்தில் ஒரு பல் தேய்ந்திருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அதற்குக் கடையில் சாமான் கிடைக்காது. ஒவ்வொரு துவாரத்துக்கும் ஒவ்வொரு விதமாகச் செய்துகொள்ள வேண்டும். அதைச் செய்வதுதான் அவர் வேலை.

சைக்கிள் போக்ஸ் கம்பி, பழைய குடைக் கம்பி, கடிகாரத்து ஸ்பிரிங், நகம் அளவுக்கு அறுத்த கண்ணாடித் துண்டு. இவற்றை வைத்து என்னென்னவோ செய்வார். நூலைச் சுண்டினால் முனையில் உள்ள கண்ணாடி தலையைத் திருப்பிப் பார்க்கும். வெளிச்சமே போகாத இடத்துக்கு முனையில் மெழுகு வைத்த கம்பி. அதை உள்ளே விட்டு அழுத்தி எடுத்தால் மெழுகில் பல்லின் அச்சு வந்துவிடும். அதை வெளியே வைத்து நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

எதிர் வரிசையில் எட்டாம் நம்பர் வீட்டு அக்கா ஒருமுறை இவரைக் கூப்பிட்டாராம். இது அந்த அக்கா பிறகு என்னிடம் சொன்னது. தையல் மெஷின் கடகடவென்று சத்தம் போட்டிருக்கிறது. இவர் வந்து கம்பியை உள்ளே விட்டு, ஐந்து நிமிஷம் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "ஊசி முனை ஒடைஞ்சு எடது பக்கம் சிக்கியிருக்கு. கூடவே செவப்பு நூலு, ஒரு சாண் இருக்கும்" என்று சொல்லி எழுந்துவிட்டார்.

"அப்படியே எடுத்துக் குடுத்துட்டுப் போங்களேன்."

"அதுக்கு ஆளக் கூப்புடுங்க."

"ஏங்க, பாக்கத் தெரிஞ்சவருக்கு எடுக்கத் தெரியாதா? சோத்தக் காட்டிட்டு எலைய சுருட்டிகினு போறீங்களே!"

அவர் சிரிக்கவில்லையாம். "பாத்ததைச் சொல்றது வரைக்கும்தாங்க என் வேலை. தொறக்கறது இன்னொருத்தன் வேலை. ரெண்டையும் ஒருத்தனே செஞ்சா, தொறந்ததுக்கு ஞாயம் வேணுமேன்னு பாத்ததை மாத்திச் சொல்லிப்புடுவான்" என்றாராம்.

அடுத்தவர் பொருளில்தான் இப்படி என்றில்லை. ஒருதரம் அவருடைய டிரங்குப் பெட்டிச் சாவியே தொலைந்துவிட்டது. சாவித் துவாரத்தில் கம்பியை விட்டுப் பார்த்து, "வேட்டி ரெண்டு, சட்டை மூணு, பொண்ணுங்க லெட்டர், எல்லாம் பத்திரமா இருக்கு" என்று அவரே சொன்னார். பூட்டுக்காரன் கடலூரிலிருந்து வர நாலு நாள் ஆனது. நாலு நாளும் ஒரே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனார். வரிசையே சிரித்தது. "கண்ணாடிக்காரர் வர்றாரு, கொழம்புச் சட்டிய மூடுங்கடி, உப்பு இல்லன்னு சொல்லிடுவாரு" என்பார்கள்.

இதையெல்லாம் நான் பார்த்ததில்லை. பார்க்க முடியாத இடத்தில் இருந்தேன்.

எனக்குக் கல்யாணம் ஆகி மூன்று மாதம். பதினேழு வயது. என் வீட்டுக்காரருக்கு இருபத்துமூன்று. மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. கெட்டவர் இல்லை. சம்பளத்தன்றைக்குக் கதம்பம் வாங்கி வருவார். ஆனால் பயம். "பத்து ஜில்லா ஆளுங்க வந்து எறங்கியிருக்கறானுங்க. எவன் எப்படின்னு யாருக்குத் தெரியும்? நீ சின்னப் பொண்ணு. நான் வர்ற வரைக்கும் உள்ளயே இரு" என்றார். முதல் வாரம் உள்ளே தாழ் போட்டுக்கொள்ளச் சொன்னார். இரண்டாவது வாரம் வெளியே பூட்டினார். "பூட்டிகினு போறேன், பயமில்லாம இரு" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கொல்லைச் சுவரில் வெளியே போகும் கதவுக்குப் பலகை வைத்து ஆணி அடித்தார். சுவர் மேல் கருவேல முள் வெட்டிவந்து பரப்பினார். யாராவது கேட்டால், பகலில் நான் வேறு ப்ளாக்கில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லி வைத்திருந்தார். எனக்கு நெய்வேலியில் சித்தியே கிடையாது.

ஏன் சத்தம் போடவில்லை என்று என் பெண்ணே பிற்காலத்தில் கேட்டிருக்கிறாள். சத்தம் போட்டால் ரோட்டில் போகிறவர்களுக்குக் கேட்கும். கேட்டால் பூட்டி வைத்திருப்பது ஊருக்குத் தெரியும். தெரிந்தால் அவமானம் எனக்கு என்று நினைத்தேன். பூட்டினவருக்கு அவமானம் என்று அப்போது தோன்றவே இல்லை. அதனால் பூட்டைவிட அதிகமாக நானே என்னை ஒளித்துக்கொண்டேன். பாத்திரத்தைச் சத்தமில்லாமல் வைக்கப் பழகினேன். இருமல் வந்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன். சுவருக்கு அந்தப் பக்கம் சைக்கிள் மணி கேட்டால் அடுப்படிக்குள் போய்விடுவேன். மத்தியானத்தில் கொல்லையில் என் தலைக்கு மேலே ஒரு வேட்டி அகலத்துக்கு வானம் தெரியும். அதில் பருந்து வந்தால் அது போகும்வரை பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒருநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"உள்ள யாரோ இருக்கீங்க. பூனை பாத்திரத்தைக் கழுவிக் கவுத்து வைக்காது."

நான் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மறுநாள்: "இருக்கறது பொம்பளப் புள்ள. வளையல் சத்தம் கேக்குது. பயப்படாதம்மா, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். எம் பொண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். ஒரே ஒரு கண்ணாடி வளையல் குடுப்பியா? ஒடைக்காம திருப்பிக் குடுத்துடறேன்."

மூன்று நாள் கேட்டார். மூன்றாம் நாள், ஏன் செய்தேன் என்று தெரியாது, ஒரு பச்சை வளையலைக் கழற்றி, துணி உலர்த்தும் கோலின் நுனியில் மாட்டி, முள்ளுக்கு மேலே நீட்டினேன். அந்தப் பக்கம் ஒரு கை வந்து பதமாக எடுத்துக்கொண்டது.

வளையல் எதற்கு என்று அவரே சொன்னார். புதிதாக வந்த மெஷினின் துவாரம் சரியாக அந்த அளவுதானாம். வளையலை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தான் செய்யும் கம்பியை அதன் நடுவே விட்டு எடுப்பார். கம்பி பட்டால் வளையல் 'க்ளிங்' என்னும். சத்தம் வந்தால் கம்பி பருமன், மறுபடியும் ராவ வேண்டும். "இரும்பு வளையம்னா லேசா இடிச்சாலும் சும்மா இருந்துடும்மா. கண்ணாடிதான் மறைக்காது" என்றார்.

அன்றிலிருந்து அவர் வேலை முடிந்து வந்தால் எனக்கு அந்தச் சத்தம் கேட்கும். க்ளிங். அரம் ராவும் சத்தம். மறுபடி க்ளிங். ஒருநாள் வெகுநேரம் சத்தமே வரவில்லை. பிறகு "போயிடுச்சும்மா!" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுதான் என் முதல் சிரிப்பு.

பிறகு டின் வந்தது. மண்ணெண்ணெய் டின் ஒன்றின் பக்கவாட்டில் வளையல் அளவுக்குத் துவாரம் வெட்டி, உள்ளே தகரத்தை வளைத்து வளைத்துத் தடுப்பு வைத்திருந்தார். மெஷின் பெட்டி மாதிரியாம். "நானே எதையாவது போட்டா எனக்குத் தெரிஞ்சுடும். பாக்கறதுல அர்த்தமில்ல. நீ போட்டு மூடிக் குடு" என்று கயிற்றில் கட்டிச் சுவருக்கு இந்தப் பக்கம் இறக்குவார். நான் எதையாவது உள்ளே போட்டு மூடி, கயிற்றை இரண்டு தரம் ஆட்டுவேன். பேசுவது கூச்சம். கயிறுதான் என் பேச்சு.

புளியங்கொட்டை போட்டேன். "புளியங்கொட்டை. ஒரு பக்கம் தோல் உரிஞ்சிருக்கு" என்றார். உடைந்த கோலமாவுக் கட்டி போட்டேன். கண்டுபிடித்தார். ஒருநாள் வேண்டுமென்றே என் தலைமுடி ஒன்றை மட்டும் போட்டேன். அன்று முழுக்கத் தேடினார். மறுநாளும் தேடினார். கடைசியில், "முடி! ஒத்த முடி!" என்று கத்தினார். பிறகு குரல் இறங்கி, "எப்படிம்மா உனக்குத் தெரிஞ்சுது? இதைத்தான் நான் தேடணும். இரும்புல வெடிப்பு ஆரம்பத்துல ஒத்த முடி மாதிரிதான் இருக்கும்" என்றார்.

எனக்கு என்ன தெரியும்? என்னிடம் அன்றைக்கு டின்னில் போட வேறு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

பயமும் இருந்தது. இத்தனை வளைவு தாண்டிப் பார்க்கத் தெரிந்தவருக்கு ஒரு சுவர் எம்மாத்திரம்? குளிக்கும்போதெல்லாம் சுவருக்கு மேலே பார்த்துக்கொண்டே குளிப்பேன். ஒருநாள் மனசு கேட்காமல், முதல்முதலாக வாய்விட்டுக் கேட்டேன்.

"அந்தக் கண்ணாடிய வெச்சு இந்தப் பக்கமும் பாப்பீங்களாண்ணா?"

அரம் ராவும் சத்தம் நின்றது. பிறகு, "கண்ணாடியில ஒரு நேர்மை உண்டும்மா. அதுல என் கண்ணு உனக்குத் தெரிஞ்சா நான் உன்னைப் பாக்கறேன்னு அர்த்தம். என் கண்ணு உனக்குத் தெரியலைன்னா நானும் உன்னைப் பாக்கலை. இன்னி வரைக்கும் தெரிஞ்சுதா?"

"இல்ல."

"தெரியாது. போய் வேலையப் பாரு."

அன்றைக்குத்தான் கறுப்புத் துணியைப் பற்றியும் சொன்னார். அவருடைய கண்ணாடிகள் எல்லாவற்றுக்கும் விளிம்பில் கறுப்புத் துணியில் உறை தைத்து, நாடா போட்டுச் சுருக்கியிருப்பார். கண்ணாடி மின்னக் கூடாது. மின்னினால் பார்க்க வந்தது தெரியாது, பளபளப்புதான் தெரியும். "துணி இல்லாம நான் கம்பிய வெளிய எடுத்ததே இல்ல" என்றார்.

என் அப்பா வந்தது அதற்குப் பத்து நாள் கழித்து.

என் அப்பாவுக்குத் திருவதிகை. வண்டியில் பலாப்பழம் ஏற்றிக் கைமாற்றி விற்பவர். எனக்கென்று ஒரு பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. காலையில் கதவு தட்டும் சத்தம். அவருடைய தட்டு எனக்குத் தெரியும், இரண்டு தட்டு, ஒரு இருமல்.

கதவுக்கு இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவர். நடுவில் ஒரு பலகை. ஜன்னலண்டை போய் "அப்பா" என்று சொன்னால் போதும். சொன்னால் பூட்டைப் பார்ப்பார். பார்த்துவிட்டு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ஒன்றும் செய்யமாட்டார். படியில் உட்கார்ந்து அழுவார். கல்யாணத்துக்குக் கன்றுக்குட்டியோடு மாட்டை விற்றவர். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். காலில் எறும்பு ஏறியது. தட்டிவிடவில்லை.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அவருக்கு அன்றைக்கு மத்தியான ஷிஃப்ட்.

"ஏங்க, இந்த வூட்டுப் பொண்ணு எங்க போயிருக்குதுன்னு தெரியுமாங்க? எம் பொண்ணுதாங்க அது."

கண்ணாடிக்காரர் வாசலுக்கு இறங்கி வந்தார். 

"நான் பாக்கலீங்களே" என்றார்.

"சித்தி வூடு, அது இதுன்னு மாப்ள ஒருக்கா சொன்னாரு. எங்களுக்கு இங்க ஒறவே கெடையாதேன்னு ரோசனையா இருந்துச்சு. சரி, அவுங்க சைடுல யாரோ போல. வந்தா இந்தப் பழத்தக் குடுத்துடறீங்களா? நல்ல பழங்க. சுளை தேனா இருக்கும். எளச்சிருக்குதா, நல்லா இருக்குதாங்க எம் பொண்ணு?"

"நல்லா இருக்கு" என்றார்.

அப்பாவின் செருப்புச் சத்தம் ரோட்டைத் தாண்டிப் போகும்வரை நான் அசையவில்லை. பிறகு கயிற்றில் டின் இறங்கியது. உள்ளே சுளை சுளையாகப் பலாப்பழம். டின்னுக்குள் முழுப்பழம் எப்படி நுழையும்? அவர் ஒவ்வொரு சுளையாக எடுத்து, கொட்டை நீக்கி அனுப்பிக்கொண்டிருந்தார். நாலு தரம் டின் ஏறி இறங்கியது. நான் அழுதுகொண்டே தின்றேன். அவர் சொன்னார்:

"இருபத்தஞ்சு வருசமா இந்த வேலை செய்யறேம்மா. இருக்கறதை இல்லைன்னு இன்னிக்குத்தான் சொன்னேன்."

"யாருகிட்டயும் சொல்லிடாதீங்கண்ணா. உங்களக் கும்புட்டுக் கேக்கறேன்."

அவர் டின்னை மேலே இழுத்துக்கொண்டார். ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்காரர் வந்து மூக்கை உறிஞ்சினார். "எங்கேர்ந்து பலாப்பழ வாசன?" என்றார். பக்கத்து வீட்டில் என்றேன். "ஒண்டி ஆளுக்கு முழுப்பழமா? வயிறு வெடிக்கப்போவுது" என்று சிரித்துக்கொண்டே கை கழுவினார். நானும் சிரிக்கவேண்டியிருந்தது.

இரண்டு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. க்ளிங் இல்லை. அரம் இல்லை. டின் வரவில்லை. நான்தான் அவரைப் பொய் சொல்ல வைத்தேன், கோபம்போல என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் காலை, வீட்டுக்காரர் ஷிஃப்டுக்குப் போனபின் கொல்லைக்கு வந்தால், சுவர்மேல் முள்ளுக்கு நடுவே ஒரு கறுப்புப் பொட்டலம். கோலால் இழுத்துப் பார்த்தேன். துணிக்குள் வட்டமாக வளையல் கைக்குத் தட்டுப்பட்டது. உடையாமலிருக்கத் துணி சுற்றியிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். திருப்பிக் கொடுத்துவிட்டாரே, இனிமேல் அந்தச் சத்தம் கேட்காதே என்றுதான் வருத்தம். பிரிக்க மனசில்லாமல் அப்படியே டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தேன்.

மத்தியானம் இரண்டரை மணி இருக்கும். காலை ஷிஃப்ட் விட்டு ஆட்கள் சைக்கிளில் கூட்டமாக எங்கள் சுவரை ஒட்டி வரும் நேரம். நான் கொல்லையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். முறத்தில் ஒரு வெளிச்சம் விழுந்தது. கண் கூசியது. நிமிர்ந்தேன்.

ரோட்டுப் பக்கச் சுவருக்கு மேலே, முள்ளுக்கும் மேலே, ஒரு நீளக் கம்பி. அதன் முனையில் உள்ளங்கை அளவு கண்ணாடி. வெயிலில் தீப்பற்றின மாதிரி மின்னியது. அது அசைந்து திரும்பியது. அதற்குள் எனக்கு ரோடு தெரிந்தது. மூன்று மாதமாகப் பார்க்காத ரோடு. தார், முந்திரி மரம், ஒரு நாய், தூரத்தில் சைக்கிள்கள். சைக்கிள்களின் முன்னால் என் வீட்டுக்காரர்.

அவர் வருவதைக் கண்ணாடியில்தான் முதலில் பார்த்தேன். சத்தம் பிறகுதான் கேட்டது.

"யோவ்! இன்னாய்யா பண்ற அங்க?"

"பாக்கறேன்."

"இன்னாத்தப் பாக்கற?"

"உள்ள இருக்கறதை."

சைக்கிள் கீழே விழும் சத்தம். "எம் பொண்டாட்டி இருக்கற வூட்ட எட்டிப் பாக்கறியா நீ? வயசுப் பொண்ணு ரெண்டு வெச்சிருக்கற ஆளாய்யா நீ?"

கண்ணாடி சாய்ந்து மறைந்தது. மற்ற சைக்கிள்களும் ஒவ்வொன்றாக நின்றன. முப்பது நாற்பது பேர் இருப்பார்கள். அடி விழும் சத்தம் ஒன்று கேட்டது. திருப்பி அடித்த சத்தம் கேட்கவில்லை. எட்டாம் நம்பர் வீட்டு அக்காவின் குரல் குறுக்கே வந்தது.

"தம்பி, தம்பி, கைய எடு. யாரப் பாத்தாருன்ற?"

"எம் பொண்டாட்டியதாங்கா!"

"உம் பொண்டாட்டிதான் பகல்ல சித்தி வூட்டுல இருக்குதுன்னு சொன்னியே?"

 பிறகு கூட்டத்தில் ஒருவர், வேறு ஜில்லாப் பேச்சு, "உள்ள ஆளு இருந்தா வெளிய பூட்டு எப்படிவே தொங்குது?" என்றார். ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

நான் முறத்தோடு கதவுக்குப் பின்னால் வந்து நின்றேன். என் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். உள்ளே யாரும் இல்லை என்றால் அவர் அடித்த அடிக்கு அர்த்தமில்லை. இருக்கிறாள் என்றால் அந்தப் பூட்டுக்கு அத்தனை பேரிடமும் பதில் சொல்லவேண்டும்.

அப்போது கண்ணாடிக்காரரின் குரல். டின்னுக்குள் பார்த்துவிட்டுச் சொல்வாரே, அந்த மாதிரிக் குரல்.

"பாத்தேன். உள்ள ஒரு பொண்ணு இருக்கு. வெளிய பூட்டியிருக்கு. கொல்லைக் கதவு ஆணி அடிச்சிருக்கு. மூணு மாசமா இப்படித்தான். சொல்லிட்டேன். தொறக்கறது என் வேலை இல்லை."

"தொற தம்பி" என்றார் அக்கா.

சாவி துவாரத்தில் போகாமல் இரும்பில் தட்டிக்கொண்டே இருந்தது.  கதவு திறந்ததும் எனக்கு ஓடி ஒளியத்தான் தோன்றியது. வெளிச்சத்தில் அத்தனை ஆண் முகங்கள். அக்கா உள்ளே வந்து என் கையிலிருந்து முறத்தை வாங்கி வைத்துவிட்டு, "வா கண்ணு, எங்கூட்டுக்கு வந்து ஒரு வாய் மோர் குடி" என்று இழுத்துக்கொண்டு போனார். செருப்பில்லாத காலில் தார் சுட்டது. அந்தச் சூடு எனக்கு வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் கதவைப் பூட்டவே இல்லை. ஆணியைப் பிடுங்கினார், முள்ளை எடுத்தார். அந்தப் பூட்டைச் சைக்கிளுக்குப் போட்டுக்கொண்டார். ஐம்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம். அந்த நாளைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

ஆனால் அன்று சாயந்திரம் அக்கா வீட்டு வாசலில் நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து என்னிடம் ஒன்று கேட்டார்கள். "பூட்டுனது தப்புதான், அத வுடும்மா. அந்தாளு உன்ன எட்டிப் பாத்தாரா? இதுக்கு முன்னாடியும் பாத்திருக்கறாரா? பயப்படாம சொல்லு." அவர் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். கன்னம் வீங்கியிருந்தது. அவர் முகத்தை முழுதாக நான் பார்த்தது அன்றைக்குத்தான். என்னை அவரும் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வாய் வரவில்லை. குனிந்ததை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். "பொண்ணுங்க இருக்கற எடம், பாத்து நடந்துக்கணும்" என்று அவரிடம் சொன்னார்கள். "சரிங்க" என்றார். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு மாதத்துக்குள் வேறு ப்ளாக்குக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார். பெயர் மட்டும் எங்கள் வரிசையில் தங்கிவிட்டது. எட்டிப் பார்த்த கண்ணாடிக்காரர்.

அவர் போன பிறகுதான் டிரங்குப் பெட்டியிலிருந்து அந்தப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். பச்சை வளையல் ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. சுற்றியிருந்தது வெறும் துணி இல்லை. வட்டமாகத் தைத்து, நாடா கோத்த உறை. எண்ணெய் வாசனை. உள்ளங்கை அளவுக் கண்ணாடிக்குச் சரியாக இருக்கும்.

காலையிலேயே அதைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் மத்தியானம் ரோட்டில் போய் நின்றிருக்கிறார்.

இதோடு இன்னொன்றும் எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அந்த நாலு பேர் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டியது அதைத்தான். கண்ணாடி என் பக்கம் திரும்பியபோது ரோடு தெரிந்தது, மரம் தெரிந்தது, என் வீட்டுக்காரர் வருவது தெரிந்தது. அவரும் தெரிந்தார். கம்பியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சைக்கிள்கள் வருகிற பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். அவர் கண் எனக்குத் தெரியவே இல்லை. தெரிந்தது ஒரு காது. காதில் அந்தச் சின்னப் பென்சில்.